காயவைத்தல்

வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி.
சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா, பதினோரு மணிக்குப் போண்டா.
கருத்தாளர் குணாளன் சொன்னார்:
மேட்டூரைத் திறந்தால் போதுமா, கடைமடை நனைய வேண்டாமா?
கடைசி பெஞ்சுதான் உங்கள் கடைமடை.
கைதட்டினோம்.
பக்கத்தில் ஆங்கிலம் எடுக்கும் பெர்னதெத்
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்:
'அப்போ பிள்ளைங்க வெறும் வயலா?'

திரும்பும் பேருந்தில்
வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்வரை அந்தச் சொல்லையே மென்றோம்.
ஆக்டிவ் என்றால் செய்வினை என்றேன், இலக்கண ஞாபகத்தில்.
முன் இருக்கை அம்மாள் சட்டென்று திரும்பினார்,
யாருக்கு யார் வைத்தது என்று கேட்காத குறை.
பெர்னதெத்துக்கு அது பிள்ளைகள் எழுந்து நடமாடுவது.
எனக்கு, நிறையக் கைகள் உயர்வது.
கணக்கு சார் போனில் சொன்னார்,
போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவது.

திங்கட்கிழமை, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
தன்வினை, பிறவினை.
இருபது வருடமாக அதே ஜோடிகள்:
திருந்தினான், திருத்தினான். அடங்கினான், அடக்கினான்.
மெல்லெழுத்தின் இடத்தில் வல்லெழுத்து வந்து உட்கார்ந்தால்
வேலை அடுத்தவர் கைக்குப் போய்விடும்.
இந்த முறை கரும்பலகையில் எழுதவில்லை.
ஆறு ஆறு பேராக உட்கார்ந்து
நேற்று உங்கள் வீட்டில் நடந்ததிலிருந்து தேடுங்கள் என்றேன்.
பிறகு எனக்கு வேலை இல்லை.

வேலை இல்லாத டீச்சர் எங்கே நிற்க வேண்டும் என்று
பயிற்சியில் சொல்லவில்லை.
கதவோரம் நின்றேன். சாக்பீஸ் வியர்வையில் மாவானது.
இரைச்சல் கேட்டு எட்டிப் பார்த்த தலைமையாசிரியர்
"இந்த கிளாஸுக்கு யாரும் வரலையா?" என்றார்.
கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்,
ஒளிந்து பிடிபட்டவள் போல.

மூன்றாவது குழுவில் சண்டை.
நெல் காய்ந்தது, நெல்லைக் காய்ச்சினோம் என்று
இளம்பரிதி எழுதியிருந்தான்.
செங்கொடி பேனாவைப் பிடுங்கி அடித்தாள்.
"பாலைத்தாண்டா காய்ச்சுவாங்க. நெல்ல காயவைப்பாங்க."
"ரெண்டும் ஒண்ணுதான்."
"ஒண்ணு இல்ல. பதினேழுக்கு மேல ஈரம்னு
கொள்முதல்ல மூட்டையத் திருப்பிவிட்டாங்க.
மூணு நாளா ரோட்டுல கொட்டி விரிச்சிருக்கோம்.
காலால கோடு போட்டுக் கிளறிவிடுவேன்.
ஆடு வந்தா விரட்டுவேன். மேகம் வந்தா தார்ப்பாய்.
அவ்வளவுதான் நாங்க.
காயறது நெல்லு."

என்னை யாரும் கேட்கவில்லை.
புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது:
செய், வை, பண்ணு சேர்ந்தும் பிறவினை வரும்.
ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் நான் மதிக்காத வரி.
கற்பி, ஒரே சொல், காய்ச்சு மாதிரி.
அடுப்பு என்னுடையது, பொங்கினால் ஊதுவதும் நான்.
கற்க வை என்று எழுதினால் நடுவில் ஓர் இடைவெளி.
அங்கேதான் நின்றிருந்தேனோ இவ்வளவு நேரம்?
தெரியவில்லை.
சும்மாவும் நின்றிருக்கலாம்.

மதியம் பெர்னதெத்திடம் சொன்னேன்.
டப்பாவிலிருந்து தலை நிமிராமல்
"மழை வந்தா?" என்றாள்.
மூன்று பாடம் பாக்கி, இருபதாம் தேதி காலாண்டுத் தேர்வு,
அதைத்தான் மழை என்கிறாள்.
என்னிடம் தார்ப்பாய் இல்லை.
அவள் தட்டிலிருந்து ஒரு வறுத்த நெத்திலியை எடுத்துக்கொண்டேன்.

மாலையில் படிவம்.
மாணவர் பங்கேற்பு, அடுத்து ஒரு கட்டம், அடுத்து சதவீதம்.
நோட்டுகளைப் புரட்டினேன்.
நாற்பது நிமிடமும் வாயே திறக்காத நிஜாமுதீன்
ஜோடி எதுவும் எழுதவில்லை. ஒரே வரி:
பேசாமல் இருந்தேன். இது தன்வினை.

சிவப்பு மையில் ஒரு சரி போட்டேன்.
கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.